வேதாகமம் என்னும் பெயரும் ஓதும் முறையும்

தமிழ்நாட்டுக் கிறித்தவருட் புரோட்டஸ்டாண்டுப் பிரிவினர் தம் மறைநூலைப் 'பரிசுத்த வேதாகமம்' என வழங்குவர். வேதம், ஆகமம் என்னும் இரு பெயரும் சைவர் தம் முதனூல்களுக்கு உரியனவாகப் பன்னூறாண்டுகளாக ஆண்டுவருவன. அவ்விரண்டனையும் ஒரு சொன்னீர்மையாக்கிப் பிறிதொரு சமயத்தார் தம் நூற்குச் சூட்டிக்கொண்டமை சைவருட் சிலர்க்குச் சினத்தையும் சிலர்க்கு நகையையும் விளைத்ததுண்டு. சினமும் நகையும் ஆராய்ச்சியாகா. தரங்கம்பாடியிற் சீகன்பால்கு 1714ஆம் ஆண்டில் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சிட்டபோது அதற்கு 'அஞ்சு வேத பொஸ்தகம்' என்றே பெயரிட்டார். தமிழ் மக்கள் எந்நூலைத் தலைமேற் கொள்வரோ அந்நூலின் பெயரைத் தம் நூற்கு இட்டாலன்றி அதன் மதிப்பு விளங்காது என்பது அவர் போன்றார் கருத்துப் போலும். பெயர் யாருடையது என்னும் வழக்கு எளிதில் தீரும். அப்பெயர் அந்நூற்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

வேதம் பொது, ஆகமம் சிறப்பு என்பது திருமூலர் காட்டிய நெறி. அதனைக் கொண்டு பார்ப்பார்க்குப் பழைய ஏற்பாடு வேதம் போலவும் புதிய ஏற்பாடு ஆகமம் போலவும் தோன்றும். முன்னது பொதுவாய் நிற்க, பின்னது தெளிவாய் வந்தது என்னும் அளவில் அவ்வொப்புமை செல்லும். அதற்குமேற் செல்லாது. என்னை? சிவாகமங்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களை உடையன. திருக்கோயில் எடுத்தல், திருவுருவம் நிறுவுதல், நாட்பூசை, விழா, தீக்கை ஆகிய அனைத்தையும் முறைப்பட விதிப்பன. புதிய ஏற்பாட்டிலோ கிரியை விதி மிகச் சில. ஞானஸ்நானமும், அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துண்ணும் இராப்போசனமும் ஒழிய, வழிபடுமுறை இன்னது எனக் கூறும் விதி அங்கே அரிதிற் காணப்படும். கூடாரம், பீடம், குத்துவிளக்கு, தூபம், குருக்கள் அணியும் உடை, தூய்மை தீட்டு, பலிவகை என்றிவற்றை விரித்துரைக்கும் யாத்திராகமமும் லேவியராகமமும் பழைய ஏற்பாட்டின்கண் உள்ளன. அவற்றின் பெயரிலேயே ஆகமம் என்னும் சொல் நிற்றலும் காண்க. ஆகவே கிறித்தவ நூலில் ஆகமத்தை ஒப்பது ஒன்று உளதாயின், அது பழையதேயாம்; அதனையோ கிறித்தவர் கிறித்துவின் வருகையால் நிறைவெய்தி ஒழிந்தது என்பர். பெயரிட்டார் இவ்வளவும் எண்ணிப் பெயரிட்டிலர்.

இன்னும் ஒன்று. வேதாகமங்கள் இறைவன் அருளிய வாக்கு என்பது சைவர் துணிபு. கிறித்தவ நூல்கள் தீர்க்கர், அப்போஸ்தலர் முதலிய மாந்தர் பரிசுத்த ஆவியின் ஏவுதலால் எழுதியன எனப்படும். இயேசு தம் கையால் ஒரு நூலும் எழுதி வைத்திலர். யோவான் சுவிசேஷமோ இறைவனது வார்த்தை என இயேசுவையே கூறும். எனவே கிறித்தவர்க்கு இறைவாக்கு என்பது முதற்கண் ஒரு நூலன்று. அந்நூல் சான்று கூறும் ஒருவர். இதனை உணராதார், கிறித்தவம் ஒரு புத்தகத்தைப் பற்றிக்கொண்ட சமயம் என்றும், புத்தகம் கையிலிருந்தால் அவர்க்குக் கோயிலும் குருவும் வேண்டா என்றும் எழுதுவர். அவ்வெழுத்து வாதமேடையிற் கண்ட கிறித்தவத்தை நோக்கி எழுந்தது. வழிபாட்டில் அந்நூல் நிற்கும் நிலை வேறு.

கிறித்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் நூல் கையிலுடையார் சிலரே. ஏட்டுச் சுவடிகள் பெருவிலையின, எழுத்தறிந்தாரும் சிலர். ஆதலின் அச்சமயத்தார் தம் மறையைக் கண்ணாற் கற்றாரல்லர், செவியாற் கேட்டார். உரோமாபுரியில் ஏறக்குறைய 155ஆம் ஆண்டில் ஜஸ்டின் என்பார் அரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊராரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்திற் கூடுவர் என்றும், அப்போஸ்தலர் நினைவுரைகளும் தீர்க்கர் நூல்களும் காலம் இடந்தருமளவும் ஓதப்படும் என்றும், ஓதி முடிந்தபின் தலைவர் அறிவுரை கூறுவர் என்றும், அதன்பின் அப்பமும் இரசமும் படைக்கப்படும் என்றும் குறித்தார். ஓதலும் கேட்டலும் முன், படைத்தல் பின். இம்முறையை அவர் யூதர் தொழுகைக்கூடத்தினின்று பெற்றனர். நாசரேத்தூரில் இயேசுவே எழுந்து ஏசாயா சுருளை ஓதினார் என லூக்கா கூறுவதும் அக்கூடத்து மரபே. எருசலேம் ஆலயம் 70ஆம் ஆண்டில் அழிந்தபின் யூதர்க்குப் பலிபீடம் இல்லையாயிற்று. ஓதுதலே வழிபாட்டின் உயிராயிற்று.

எவ்வெந் நூல்கள் மறைநூல் என்னும் வரையறை எழுந்ததும் வழிபாட்டை ஒட்டியே. இன்ன நூலைத் திருச்சபையிற் கூடியவிடத்து ஓதலாமா, ஆகாதா என்பதே அக்காலத்தார்க்கு முன்னின்ற வினா. நான்காம் நூற்றாண்டில் இலவோதிக்கேயாவிற் கூடிய சங்கம், வரையறைப்படாத நூல்களைச் சபையில் ஓதற்க என விதித்தது. 367ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவின் அதநாசியுஸ் தம் சபைகளுக்கு விடுத்த திருமுகத்தில் இன்று வழங்கும் புதிய ஏற்பாட்டு நூல்கள் 27ஐயும் எண்ணிக் கூறினார். வரையறை செய்தார் சபையார். வரையறைப்பட்ட நூலே அச்சபையார்க்கு அளவை. இச்சுழற்சியைப் பின்னர்க் காண்பாம் எனக் கொள்க. லூதர் காலத்தில் இதுவே பெருந்தடையாய் எழுந்தது.

செவிவழி வந்த மறை எத்துணை ஆழ வேரூன்றும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று பகரும். இக்காலத்து லிபியா நாட்டுத் திரிப்போலி நகர் பண்டு ஓயா எனப்பட்டது. அவ்வூர்ப் பேராயர் ஒருவர், ஜெரோம் என்பார் எபிரேய மூலத்தினின்று புதிதாக இலத்தீனில் மொழிபெயர்த்த யோனா நூலைச் சபையில் ஓதுவித்தார். ஓரிடத்து ஒரு சொல், மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு மனத்திற் பதித்திருந்த சொல்லுக்கு மாறாய் ஒலித்தது. உடனே சபையிற் பெருங்கலகம் எழுந்தது. கிரேக்கர் அதனைப் பொய்ப்பாடம் என்று கூவினர். பேராயர் அவ்வூர் யூதரைப் பாடம் வினவ நேர்ந்தது. அவரும் பழைய பாடமே சரி என்றனர். மந்தையின்றித் தனித்து நிற்க அஞ்சிய பேராயர் பாடத்தைத் திருத்திக்கொண்டார். 403ஆம் ஆண்டில் அகுஸ்தீன் என்பார் ஜெரோமுக்கு வரைந்த திருமுகத்தில் இச்செய்தி உள்ளது. அச்சொல் யாது? யோனாவுக்கு நிழல் தந்த செடியின் பெயர் என ஜெரோம் தம் விடையிற் கருதினார். பழைய பாடம் அதனைச் சுரைக்கொடி என்றது. ஜெரோம் வேறொரு கொடியின் பெயரிட்டார். தமிழ் மொழிபெயர்ப்பிலோ அஃது ஆமணக்கு. அச்செடி எதுவாயினும் இறைவன் இரக்கம் மாறுபடாது. அதனை விலக்கினும் கதை குறையாது. ஆயினும் ஊர் கொந்தளித்தது. பொருள் பற்றியன்று அக்கொந்தளிப்பு. ஓதப்படும் மறைச்சொல் ஒன்று பெயர்க்கப்பட்டமை பற்றியது. தேவாரத்தில் ஒரு பாடபேதத்தை ஏட்டிற் கண்டு பதிப்பாசிரியர் மாற்ற, பண்ணோடு பாடிப் பழகிய ஓதுவார் அதனை ஏலாது நிற்றலை அறிந்தார் இதனை எளிதின் உணர்வர்.

இதே கொந்தளிப்புத் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்தது. பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழைய ஏற்பாடும் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அச்சேறியது. இறைவனைச் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். தாயுமானவர் பாடலில் அடியார் நாவினிற் பயின்ற சொல் அது. பின்னர் இரேனியுஸ் என்பார் அம்மொழிபெயர்ப்பைத் திருத்தப் புகுந்தபோது, தஞ்சையில் சரபோசி மன்னரால் மதிக்கப்பெற்ற கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். இலக்கண வழு மலிந்த பழைய நடையைத் தமிழறிந்த ஒரு புலவர் காக்க எழுந்தது வியப்பன்றோ எனின், அன்று. வழிபாட்டிற் கேட்ட சொல்லுக்கு அவர் அடியவர். இலக்கணத்திற்கு அப்புறமே புலவர். லூதரன் சபையார் நெடுங்காலம் பப்ரிசியுசின் பாடத்தையே விடாது ஓதினர்.

யாழ்ப்பாணத்து வெஸ்லியன் சங்கத்துப் பீற்றர் பார்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு இயற்றிய மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சாயிற்று. அது 'தேவன்' என்னும் சொல்லை ஆண்டது. நடையால் முன்னையவற்றினும் செம்மையுடையதாயினும் தென்னாட்டுச் சபையார் அதனை ஏற்றிலர். ஆயினும் 1871ஆம் ஆண்டில் பவர் பாதிரியார் தலைமையில் முற்றுப்பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்புத் 'தேவன்' என்னும் அச்சொல்லையே கைக்கொண்டது. 1936ஆம் ஆண்டில் லார்சன் முதலியோர் திருத்திய பதிப்புக் 'கடவுள்' என மாற்றியது, நடையும் எளிமையாயிற்று, மூலத்தோடு ஒத்தலிலும் அது சிறந்தது என்று கற்றார் கூறினர். மக்களோ 1871ஆம் ஆண்டுப் பாடத்தை விட்டிலர். 1995ஆம் ஆண்டில் உரோமச் சபையாரும் பிற சபையாரும் கூடி வெளியிட்ட 'திருவிவிலியம்' உரோமச் சபையார் பூசையில் ஓதப்பட, புரோட்டஸ்டாண்டுச் சபைகள் பெரும்பாலனவற்றில் இன்றும் பழைய பாடமே ஒலிக்கின்றது. வாதத்தில் மூலமே அளவை எனக் கூறுவார், வழிபாட்டில் மூலத்தோடு மிக ஒத்த பாடத்தை விடுத்துத் தம் தந்தையார் செவியில் விழுந்த பாடத்தையே பற்றுகின்றனர். இதனைக் குற்றமாக எடுத்துரைப்பாரும் உளர். குற்றமன்று. ஓதப்படும் நூல் மந்திரத்தின் இயல்பை எய்தும் என்பதற்கு அவர்தம் செயலே சான்று.

சங்கீதங்கள் 150ஐயும் ஒரு வாரத்தில் முற்ற ஓதுக என்று ஆறாம் நூற்றாண்டில் பெனதிக்து முனிவர் தம் மடத்தார்க்கு விதித்தார். இங்கிலாந்துச் சபையின் செபநூல் அவற்றை ஒரு திங்களுக்குள் முற்ற ஓதும்படி பகுத்து வைத்தது. திருமுறை முற்றோதல் செய்வார்க்கு இதன் சுவை புலனாகும். இராசராசசோழன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் நியமித்த கல்வெட்டு நினைவுக்கு வரும். இசையின்றிக் கூட்டத்தாரே மாறி மாறிச் சொல்லும் முறை அங்கு மிகுதி. இங்கு ஓதுவார் பாட அடியார் கேட்பர். அங்குக் கூடியவர் அனைவர் வாயிலும் மறை புகும் என்பதை மறுத்தற்கில்லை.

இனி அளவை பற்றிய வாதத்திற்கு வருவாம் எனின், அங்கேதான் தடை உளது. மறைநூல் ஒன்றே அளவை, சபையின் மரபு அளவையன்று என்றார் லூதர். அவர் 1522ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டையும் 1534ஆம் ஆண்டில் முழுநூலையும் செருமானிய மொழியில் வெளியிட்டார். உழவனும் நூற்கும் மகளிரும் மறையைத் தம் மொழியிற் கேட்டனர், அது பெருநன்மை. ஆனால் மறைநூல் இன்னது என வரையறுத்தது சபை மரபே என முன்னர்க் கண்டோம் அன்றோ? மரபை விலக்கின் வரையறை யாங்ஙனம் நிற்கும்? லூதரே யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார்; இகழ்ந்தும் நூலினின்று நீக்கிற்றிலர். 1546ஆம் ஆண்டிற் றிரெந்துச் சங்கம் எழுதிய மறையையும் எழுதா மரபையும் ஒத்த பத்தியோடு ஏற்க என்று விதித்து மறுதலைப் பக்கத்தை உறுதி செய்தது.

நூல் ஒன்றே அளவையாயின் அதன் பொருளைத் துணிவார் யார் என்னும் வினாவுக்கு 1529ஆம் ஆண்டு மார்பர்க்கு நகரில் விடை காண முயன்றனர். லூதரும் சுவிட்சர்லாந்துச் சுவிங்கிளியும் அவ்வூர் அரண்மனையிற் கூடினர். இருவரும் உரோமச் சபையை நீங்கியவர். இருவரும் மறைநூல் ஒன்றே அளவை என்பவர். வாதம் இராப்போசனம் பற்றியது. அப்பத்தை எடுத்து அது தம் உடல் என இயேசு கூறிய தொடரின்கண் உள்ள ஒரு வினைச்சொல்லே வழக்கு. அச்சொல்லுக்கு 'ஆகும்' என்பதே பொருள். ஆதலின் கிறித்து அப்பத்தின்கண் மெய்யாக உளர் என்றார் லூதர். 'குறிக்கும்' என்பதே பொருள் என்றார் சுவிங்கிளி. லூதர் மேசைமேற் சுண்ணக்கட்டியால் அத்தொடரை எழுதி வைத்துத் துணியால் மூடினார். வாதம் முற்றிய வேளையில் துணியை நீக்கி எழுத்தைக் காட்டினார். பதினைந்து பொருள்களிற் பதினான்கில் உடன்பட்டவர் இவ்வொன்றில் உடன்படாது பிரிந்தனர். பிரிந்த சபைகள் பிரிந்தே நின்றன. எழுத்தைக் காட்டுதல் பொருளைக் காட்டுதலாகாது என்பது அச்சுண்ணக்கட்டியால் விளங்கிற்று.

சைவர் இதனைக் கண்டு நகைத்தற்கு இடமில்லை. சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே உடையது. அதன் வழியெழுந்த நூல்களின் உரைபற்றி எழுந்த மறுப்புக்களும் மறுப்பின் மறுப்புக்களும் பல. மாதவச் சிவஞான முனிவரே சிவசமவாதவுரை மறுப்பு எழுதினார். வேறுபாடு எங்கே எனின், சைவத்திற் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் உரையளவை குருமரபோடு பிணைந்தது. தீக்கை பெற்றார் ஆசிரியன்பாற் கேட்டு, சிந்தித்து, தெளிந்து, நிட்டை கூடுதற்கு உரியர். நூல் தனித்து நின்று பேசுவதில்லை. குருமரபு பல கிளையாயின் அங்கும் மாறுபாடு எழும். ஆயினும் ஒவ்வொரு கிளையும் தன் பொருளைத் துணிதற்கு ஒரு வாயிலுடையது. உரோமச் சபையாரும் கிழக்குச் சபையாரும் இவ்வகையிற் சைவர்க்கு அணியர். லூதர் வழியினர் சேயர். கிறித்தவம் என ஒன்றாகக் கொண்டு மறுப்பெழுதுவார் இவ்வேறுபாட்டை அறியாது எய்யும் அம்புகள் பல இலக்கில் வீழா.

இலக்கறிந்து எய்தவர் நாவலர். சைவதூஷண பரிகாரம் 1854ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாதிரிமார் சைவர்தம் கிரியைகளை இகழ்ந்தெழுதியவற்றுக்கு அவர் சிவாகமங்களை மட்டும் கொண்டு விடையிறுத்திருப்பின், ஆகமத்தை ஒப்பாதாரிடத்து அது செல்லாது. ஆதலின் அவர் கையாலேயே மொழிபெயர்த்துப் பழகிய விவிலிய நூலினின்றே சான்று எடுத்தார். திருவிளக்கு, தூபம், நிவேதனம், தூய்மை, தீட்டு, குருக்கள் என எதனை அவர்கள் இகழ்ந்தனரோ, அதனை ஒப்பது யேகோவா மோசேக்கு விதித்த ஆலயக் கிரியைகளில் உளது எனக் காட்டினார். கிரியை என்னும் பொருண்மையே இறைவனுக்கு ஒவ்வாதது என்பார் வாய் அதனால் அடங்கிற்று. அந்நூலின் வன்மை அதுவே. பிறர் நூலைப் பழித்தற்கன்றி, பொருளறிந்து பயின்றமையால் வந்த வன்மை.

ஆயினும் அவ்வாதம் ஓரெல்லையில் நிற்கும். ஆலயக் கிரியைகள் வரவிருந்த மெய்ப்பொருளின் நிழல் என்றும், மெய்ப்பொருள் வந்தபின் நிழல் வேண்டா என்றும் எபிரெயருக்கு எழுதிய நிருபம் கூறும். அதனைப் பற்றி நிற்பார், மோசே விதித்தமை உண்மை, இப்போது அது விலக்கப்பட்டது என விடையிறுப்பர். நாவலர் பக்கத்தார் அங்கே நின்றுவிடின் வழக்கு இரு பக்கமும் சமமாய் முடியும். அதற்கு அப்பாலும் ஒரு வழி உளது. அது பழைய ஏற்பாட்டில் இல்லை, கிறித்தவர் தம் மறைநூலை வழிபாட்டிற் போற்றும் முறையிலேயே உளது.

கிழக்குச் சபைகளில் சுவிசேஷச் சுவடி பொன்னும் மணியும் பதித்த உறையோடு பீடத்தின்மேல் வைக்கப்படும், வழிபாட்டில் விளக்கு முன்செல்ல எழுந்தருளச் செய்யப்படும், தூபம் காட்டப்படும், அடியார் அதனை முத்தமிடுவர். அவ்வாறு போற்றப்படுவது தோலும் மையுமா எனின், அன்று, அதன்கண் விளங்கும் இறைவனே என்பர். திருவுருவங்களை உடைத்தல் தக்கதா என்னும் பெருவழக்கு எழுந்து, 787ஆம் ஆண்டில் நிசேயாவில் இரண்டாம் முறை கூடிய சங்கம் அதனைத் தீர்த்தபோது எடுத்துக்கொண்ட முடிபும் இதனை ஒட்டியது. சிலுவைக்கும் சுவிசேஷ நூலுக்கும் எவ்வாறு தூபமும் விளக்கும் கொண்டு மதிப்புச் செய்யப்படுமோ அவ்வாறே திருவுருவங்கட்கும் செய்க என்றும், உருவத்திற்குச் செய்யும் மதிப்பு அவ்வுருவத்தால் உணர்த்தப்படுபவரைச் சென்றடையும் என்றும் அச்சங்கம் துணிந்தது. புரோட்டஸ்டாண்டு ஆசிரியர் பலர் அச்சங்க முடிபை ஏலாது மறுத்தனர். மறுத்தவர் சபைகளும் நூலை ஓதும் மேடையை உயர்த்தி அமைத்தலையும் ஓதும்போது எழுந்து நிற்றலையும் விட்டிலர். திருவுருவ வழிபாட்டைப் பற்றிய தடைக்கு நிழல் மெய் என்னும் வாதம் இங்கே உதவாது. பேசப்படுவது யூதர் ஆலயமன்று, கிறித்தவர் தம் ஆலயம். சைவதூஷண பரிகாரத்தைக் குறிப்புரையோடு மீளப் பதிப்பிக்க முயல்வார், திருவுருவம் பற்றிய பகுதியின் கீழ் இந்நிசேயாச் சங்க முடிபை எடுத்துக் காட்டி, அதனை ஏற்ற சபைகள் இவை, ஏலாதன இவை எனப் பிரித்துக் குறித்தல் வேண்டும்.